வேளா மீனும் தூண்டில் முள்ளும்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

நாங்கள் குடியிருப்பது மாடம்பாக்கம். எங்கள் ஊரில் ஏரி உண்டு; கடல் கிடையாது. ஆயினும் எங்கள் வீட்டுப் பேச்சில் கடல் வராத நாளே இல்லை. என் தந்தையார் பிறந்து வளர்ந்த ஊர் கோவளம். தாத்தா கட்டுமரம் ஏறியவர். விடுமுறை விட்டதும் தாம்பரத்தில் பஸ் ஏறி, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக ஆயா வீட்டுக்குப் போய்விடுவோம்.

அந்த வீட்டின் வாசல் நிலைக்கு மேலே ஒரு பொருள் மாட்டியிருந்தது. என் கை நீளம் இருக்கும். தட்டையான பலகை போன்றது. இரண்டு ஓரங்களிலும் வரிசையாகப் பற்கள். சிறு வயதில் அதைத் தச்சருடைய ரம்பம் என்றே நான் நினைத்திருந்தேன். "ரம்பம் இல்லடி, வேளாக் கொம்பு. உங்க தாத்தா வலையிலே விழுந்தது. வாசல்லே இருந்தா கண்ணு படாது" என்று ஆயா சொல்லித்தான் அது ஒரு மீனுடையது என்று அறிந்தேன்.

என் சித்தப்பா தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடமாக அவருக்குத் தூண்டில் பைத்தியம். சுருள் வைத்த நீளமான தூண்டில் கோல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். ஞாயிறு வந்தால் முட்டுக்காட்டுப் பக்கம் போய்விடுவார். கிழங்கான், கெளிறு, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கொடுவா என்று கொண்டுவருவார். சென்ற கோடை விடுமுறையில் ஆயா வீட்டு வாசலில் நின்று அந்தக் கொம்பைக் காட்டி, "ஒரே ஒரு வேளா மாட்டட்டும், இதே மாதிரி ஒண்ணு நம்ம மாடம்பாக்கம் வீட்டிலேயும் மாட்டிடறேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் பள்ளி திறந்ததும் அறிவியல் ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அந்த மீனைப் பிடிக்கலாமா, கூடாதா என்று நீயே படித்துப் பார். படித்ததை ஆண்டு மலருக்கு எழுதிக் கொடு" என்றார். படித்தேன், எழுதுகிறேன். தோழியரே, உங்கள் வீட்டிலும் தூண்டில் போடும் அண்ணனோ மாமாவோ இருக்கலாம். அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

வேளா என்பது எந்த மீன்?

வேளாவைப் பலர் சுறா என்பார்கள். வேளாச் சுறா என்றே அதற்கு ஒரு பெயரும் உண்டு. பார்வைக்கும் அது சுறாவைப் போலவே நீண்டிருக்கும். ஆனால் உண்மையில் அது திருக்கை இனத்தைச் சேர்ந்தது. இதை அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. சுறாவுக்குச் செவுள் பிளவுகள் உடலின் பக்கவாட்டில் இருக்கும். திருக்கைக்கு அவை வயிற்றுப் பக்கம் இருக்கும். வேளாவைத் திருப்பிப் பார்த்தால் செவுள் பிளவுகள் அடியில்தான் இருக்கும்.

உலகில் ஐந்து வகை வேளாக்கள் உள்ளன. அவற்றில் பெரும்பல் வேளா, பச்சை வேளா, ஒடுங்கிய வேளா ஆகிய மூன்றும் நம் இந்தியக் கடல்களில் வாழ்ந்து வருபவை. பெரும்பல் வேளா ஆறு மீட்டருக்கு மேலும் வளரக் கூடியது. நம் வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை அதைப் படுக்கவைக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்!

இதை வேறு சில மீன்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மயில் மீனுக்கும் வாள் மீனுக்கும் மூக்கு நீண்டிருக்கும். ஆனால் ஓரத்தில் பல் இருக்காது. உழுவை மீன் உடல் அமைப்பில் வேளாவைப் போலவே இருக்கும். ஆனால் அதற்குக் கொம்பு இல்லை. (அந்த உழுவைகளிலும் சில வகைகள் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

வேளா ஆழ்கடல் மீன் அன்று. கரையோரத்துச் சேற்றுத் தரையும், கழிமுகமும், அலையாத்திக் காடுகளும்தான் அதன் வீடு. பெரும்பல் வேளாவின் குட்டிகள் முதல் சில ஆண்டுகளை ஆற்று நீரிலேயே கழிக்கும். எனவேதான் தூண்டில் போடுகிறவர்கள் நிற்கும் இடமும் வேளா வாழும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

கொம்பின் பயன்

ஆயா அதைக் கொம்பு என்றார். மாட்டுக்குக் கொம்பு சண்டைக்கு. வேளாவுக்கோ அதுவே கண், அதுவே கை, அதுவே கத்தி.

கலங்கிய கழிமுக நீரில் கண்ணால் எதையும் பார்க்க முடியாது. எல்லா உயிர்களின் உடலிலிருந்தும் மிக மெல்லிய மின்சாரம் நீரில் பரவுகிறது. வேளாவின் கொம்பு முழுவதும் அந்த மின்சாரத்தை உணரக்கூடிய நுண்ணிய துளைகள் உள்ளன. சேற்றுக்குள் ஓர் இறால் ஒளிந்திருந்தாலும் வேளாவுக்குத் தெரிந்துவிடும். மீன் கூட்டம் வந்தால் கொம்பை இடமும் வலமும் வேகமாக வீசும். அடிபட்டு விழும் மீனைக் கொம்பால் தரையில் அழுத்திப் பிடித்து, பிறகு வாயால் விழுங்கும். அதன் வாயோ உடலின் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

ஓரத்தில் உள்ள பற்களும் வாயில் உள்ள பற்களும் ஒன்றல்ல. ஓரத்துப் பற்கள் உடல் செதில்களே மாறி வளர்ந்தவை. பெரும்பல் வேளாவுக்கு ஒரு பக்கத்துக்கு 14 முதல் 24 வரை இருக்கும். வேரோடு ஒரு பல் பெயர்ந்துவிட்டால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது. கொம்பையே அறுத்துவிட்டால் கொம்பும் வளராது. கொம்பில்லாத வேளாவுக்கு இரை தேடுவது எவ்வளவு துன்பம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேளா முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. ரம்பம் போன்ற கொம்போடு குட்டி பிறந்தால் தாயின் வயிறு என்னாவது? அதற்கும் இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. குட்டியின் கொம்பு பிறக்கும்போது மென்மையாக இருக்கும். பற்களின் மேல் உறை போன்ற சவ்வு மூடியிருக்கும். பிறந்த சில நாட்களில் அந்த உறை கழன்றுவிடும். கத்தியை உறையில் போட்டுக் கொடுத்து அனுப்புவது போல அல்லவா இருக்கிறது!

ஏன் அருகிப் போயிற்று?

"உங்க தாத்தா காலத்திலே வேளா வர்றது ஒண்ணும் அதிசயமில்லே. இப்ப இருக்கிற பசங்களுக்கு வேளான்னா என்னன்னே தெரியாது" என்று ஆயா சொல்வார். அவர் படிப்பறியாதவர். ஆனால் விஞ்ஞானிகள் சொல்வதும் அதுவே. ஒரு காலத்தில் சுமார் 90 நாடுகளின் கரையோரங்களில் வேளா இருந்தது. 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி அவற்றில் பாதிக்கு மேற்பட்ட நாடுகளில் குறைந்தது ஒரு வகை வேளாவாவது அற்றுப் போய்விட்டது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஐந்து வகைகளையும் மிகக் கடுமையான ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது.

இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, கொம்பு. எந்த உறுப்பு அதற்கு உணவு தேடித் தருகிறதோ, அதே உறுப்புதான் அதற்கு எமன். வேறு மீன்கள் வலையின் கண்ணிலிருந்து நழுவிவிடலாம். வேளாவின் கொம்பிலுள்ள பற்கள் எந்த வலையிலும் சிக்கிக்கொள்ளும். அதை விடுவிக்க முயன்றால் கை கிழியும், வலையும் கிழியும். ஆகவே மீனவர்கள் அதைக் கொன்றே எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, மெதுவான வளர்ச்சி. மத்தி மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பெரும்பல் வேளா ஓர் ஈற்றில் போடுவது சராசரியாக ஏழு குட்டிகளே. அந்தக் குட்டி வளர்ந்து தாயாவதற்கும் பல ஆண்டுகள் ஆகும். செலவு வேகமாகவும் வரவு மெதுவாகவும் இருந்தால் எந்தக் குடும்பமும் கடனில்தானே விழும்?

மூன்றாவது, இடம் இழத்தல். குட்டிகள் வளரும் கழிமுகங்களும் அலையாத்திக் காடுகளும் தூர்ந்தும் அழுக்கடைந்தும் போயின.

இவற்றோடு மனிதரின் ஆசையும் சேர்ந்தது. துடுப்புக்காகவும், இறைச்சிக்காகவும், வீட்டில் அலங்காரமாக மாட்டும் கொம்புக்காகவும் அது வேட்டையாடப்பட்டது. மத்திய அமெரிக்காவில் நிகரகுவா என்ற பெரிய நன்னீர் ஏரி இருக்கிறது. அங்கே வேளாக்கள் ஏராளமாக வாழ்ந்தன. 1970-களில் பெரிய அளவில் பிடிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே மீன் அநேகமாகத் தீர்ந்துபோயிற்று. பிறகு 1980-களில் அரசு தடை போட்டது. தடை வந்தது, வேளாக்கள் பழையபடி பெருகவில்லை.

மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் எட்டுக்கும் பொதுவான வங்கியின் சின்னம் வேளா மீன். அவர்களுடைய பண நோட்டில் அதைப் பார்க்கலாம். கடலில் பார்ப்பதுதான் அரிது.

சட்டம் சொல்வது

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். மீன்பிடிப்பைக் குறித்து நம் நாட்டில் பல சட்டங்கள் உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் பலரும் தவறு செய்கிறார்கள்.

பழமையான சட்டம் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். வெடி வைத்தோ, நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பதை அது குற்றமாக்கியது. இது மீன் பிடிக்கும் முறையைப் பற்றியது.

அடுத்தது 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். எந்தப் படகு எங்கே, எப்போது மீன் பிடிக்கலாம் என்பதை இது சொல்கிறது. கரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்தை நாட்டுப் படகுகளுக்கு விட்டுவிட்டு, விசைப்படகுகள் அதற்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கிய இந்தத் தடைக்காலம் 2017 முதல் 61 நாட்களாயிற்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இது இடத்தையும் காலத்தையும் பற்றியது.

மூன்றாவதுதான் நம் வேளாவுக்கு உரியது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். இது எந்த உயிர் என்பதைப் பற்றியது. புலிக்கும் யானைக்கும் உரிய சட்டம் என்றுதான் நாம் நினைக்கிறோம். 2001-ஆம் ஆண்டில் முதன்முறையாக மீன்களும் அதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. முதலில் அம்மணி உழுவை எனப்படும் திமிங்கலச் சுறா; அதன் பிறகு அதே ஆண்டில் வேளா வகைகள், சில சுறாக்களும் திருக்கைகளும், கடல் குதிரை, மிகப் பெரிய களவா மீன் ஆகியவை. புலிக்கு என்ன காப்போ, வேளாவுக்கும் அதே காப்பு.

தடைக்காலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். தடைக்காலம் ஜூன் 14-இல் முடியும். வேளாவுக்கான தடைக்கு முடிவு நாள் இல்லை. தடைக்காலம் விசைப்படகுக்கு. வேளாவுக்கான தடை எல்லோருக்கும்; விசைப்படகுக்கும், கட்டுமரத்துக்கும், பாலத்தின் மேல் நின்று தூண்டில் போடும் என் சித்தப்பாவுக்கும்.

"நான் தொழிலுக்காகப் பிடிக்கவில்லை, பொழுதுபோக்குக்குத்தானே?" என்று கேட்கலாம். சட்டம் அந்தப் பாகுபாடு செய்யவில்லை. அது 'வேட்டை' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும், பொறியில் சிக்கவைப்பதும், உடலின் ஒரு பாகத்தை எடுப்பதும், இவற்றைச் செய்ய முயல்வதும் வேட்டை என்று விளக்கம் தருகிறது. அதாவது வேளாவைப் பிடித்துக் கொம்பை மட்டும் அறுத்துக்கொண்டு மீனைக் கடலில் விட்டாலும் அது வேட்டையே. வேளாவுக்கென்றே முள் போட்டு, அது மாட்டாமல் போனாலும் அது வேட்டை முயற்சியே.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. நம் சங்க இலக்கியங்களும் கடலில் மீன் பிடிப்பதை வேட்டம் என்றே சொல்கின்றன. சட்டம் எழுதியவர்கள் அதைப் படித்திருப்பார்களோ என்னவோ!

தண்டனையும் கடுமையானது. 2022-இல் இச்சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதல் அட்டவணை உயிர்களை வேட்டையாடினால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. அத்துடன் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வெளிநாட்டு வாணிபத்துக்கும் தடை உண்டு. அருகிவரும் உயிர்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் 2013-க்குள் எல்லா வகை வேளாக்களும் இடம்பெற்றுவிட்டன.

தானாக மாட்டிக்கொண்டால்?

"நான் கொடுவாவுக்குத்தான் இரை வைத்தேன். வேளா வந்து கடித்தால் என் குற்றமா?" இது சித்தப்பா கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். இரையைப் பார்த்து வரும் மீனுக்கு முள் யாருக்காக என்று தெரியாது.

தற்செயலாக மாட்டியதை வைத்துக்கொள்வதுதான் குற்றம். பாதுகாக்கப்பட்ட உயிர் எவ்வகையிலேனும் ஒருவர் கைக்கு வந்துவிட்டால் அது அரசின் சொத்து. 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ, உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். உயிரோடு இருக்கும் மீனை உடனே நீரில் விட்டுவிடுவதே முறை.

எப்படி விடுவது? இதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தூண்டில்காரர்களுக்குத் தெளிவான விதிகள் வகுத்திருக்கிறார்கள். அங்கே சிறுபல் வேளா என்ற வகை வாழ்கிறது. 1992-இல் அந்த மாநிலமும், 2003-இல் நாடு முழுவதற்குமான சட்டமும் அதற்குப் பாதுகாப்பு அளித்தன. அந்த விதிகளை நம் கடற்கரைக்கும் ஏற்றவாறு என் சொற்களில் தருகிறேன்.

1. மீனை நீரை விட்டு வெளியே எடுக்காதே. மணலில் இழுத்துப் போடாதே; படகில் ஏற்றாதே. பெரிய மீனின் உடல் எடையை நீர்தான் தாங்குகிறது. தரையில் அதன் எடையே அதன் உள் உறுப்புகளை நசுக்கும்.

2. கொக்கியால் குத்தாதே, வாலில் கயிறு கட்டாதே.

3. கொம்பின் அருகே போகாதே. வேளா தலையை வீசினால் அதன் வீச்சு நாம் எதிர்பார்ப்பதை விட அதிகம். அது நம்மைத் தாக்க வரும் மீன் அன்று, பயந்து வீசும்.

4. கொம்பில் நரம்பு சுற்றியிருந்தால், ஆபத்தில்லாமல் முடியுமானால் மட்டும் நீளமான கோலால் விலக்கு. முள்ளைப் பிடுங்க முயலாதே. முள்ளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் நரம்பை வெட்டிவிடு.

5. எதற்காகவும் கொம்பை வெட்டாதே.

6. விட்ட பிறகு வனத்துறைக்கோ மீன்வளத் துறைக்கோ சொல்லு. நாள், நேரம், இடம், நீரின் ஆழம், கொம்போடு சேர்த்து ஏறத்தாழ என்ன நீளம் என்ற விவரங்கள் போதும். அரிய மீன் எங்கே இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று அறிய விஞ்ஞானிகளுக்கு இது பெரிய உதவி.

ஒரு முள்ளும் ஒரு முழ நரம்பும் என்ன விலை? ஒரு கப் காபியின் விலைதான். ஆகவே வெட்டிவிடுவதில் தூண்டில்காரருக்கு நஷ்டம் மிகச் சிறிது.

மீனவரின் வலை அப்படியல்ல. வலையை அறுத்தால் பிழைப்பே அறுந்துபோகும். அதனால்தான் குஜராத்தில் ஒரு நல்ல வழி செய்தார்கள். அங்கே கரைக்கு வரும் திமிங்கலச் சுறாக்களை முன்பு நூற்றுக்கணக்கில் கொன்றுவந்தனர். 2004-இல் ஓர் இயக்கம் தொடங்கிற்று. மொராரி பாபு என்ற சமயச் சொற்பொழிவாளர், பிரசவத்துக்குத் தாய் வீடு தேடி வரும் மகளைப் போன்றது அந்த மீன் என்று மக்களிடம் எடுத்துச் சொன்னார். அன்புக்குரியவள் என்ற பொருளில் 'வாலி' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். வலையை அறுத்து மீனை விடும் மீனவருக்கு அரசு இழப்பீடு தருகிறது. அதன் பிறகு நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்களை அந்த மீனவர்களே விடுவித்திருக்கிறார்கள். தண்டனை மட்டும் இருந்தால் பயம் வரும். இழப்பீடும் இருந்தால்தான் மனம் வரும் என்று இதிலிருந்து அறிகிறோம்.

பாதுகாத்தால் பயன் உண்டா?

"காலம் முழுவதும் கூடாது, கூடாது என்றால் எப்படி?" என்று கேட்பவர்களுக்கு அதே புளோரிடாவிலிருந்து இன்னொரு செய்தி. அங்கே கோலியாத் களவா என்ற மிகப் பெரிய மீன் இருக்கிறது. தாவீது கல்லெறிந்து வீழ்த்திய அதே கோலியாத்தின் பெயர்தான். அந்த மீன் மிகவும் அருகிவிட்டதால் 1990-இல் பிடிக்கத் தடை விதித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்தார்கள். மீன் ஓரளவு பெருகியது. 2023-இல் முதன்முறையாகச் சிறிது திறந்துவிட்டார்கள். எப்படித் தெரியுமா? சீட்டுக் குலுக்கி அதிகம் போனால் 200 பேருக்கு அனுமதி. ஆளுக்கு ஒரே மீன். மார்ச் முதல் மே வரை மட்டும். மீனின் நீளம் 24 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, 36 அங்குலத்துக்கு மிஞ்சவும் கூடாது. வலை கூடாது; தூண்டில் மட்டுமே. தாய் மீன்களாக வளர்ந்த பெரியவற்றைத் தொடவே கூடாது.

இப்படிக் குலுக்கல் போடுவதும் அவசரம் என்று அங்கேயே பலர் எதிர்த்தார்கள். எது சரி என்பதை நான் சொல்ல வல்லவள் அல்லள். ஆனால் ஒன்று விளங்குகிறது. பொறுத்திருந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு வாதம் செய்யும் வாய்ப்பே கிடைத்தது. நிகரகுவாவில் வாதம் செய்ய மீன் இல்லை.

வேளாவுக்கு இன்னும் அந்த நல்ல காலம் வரவில்லை. 2024-இன் தொடக்கத்தில் புளோரிடாவின் தென்கோடியில் 50-க்கும் மேற்பட்ட வேளாக்கள் சுழன்று சுழன்று நீந்தி இறந்தன. கடலடியில் வளரும் நுண்பாசியின் நஞ்சே காரணம் என்று கருதுகிறார்கள். எண்ணிக்கையில் மிகுந்த உயிர்கள் இத்தகைய இடரைத் தாங்கும். கொஞ்சமே மிஞ்சியிருக்கும் உயிருக்கு ஒவ்வொன்றும் பேரிழப்பு.

கோவளத்து வீட்டுக் கொம்பு

இவ்வளவும் படித்த பிறகு என் மனத்தில் ஒரு சங்கடம் புகுந்தது. வேளாவைப் பிடிப்பது மட்டுமா குற்றம்? அதன் கொம்பை வைத்திருப்பதும் சட்டத்துக்கு உட்பட்டதே. பழைய பொருளானாலும் அரசுக்குத் தெரிவித்து உரிமைச் சான்று பெற்றிருக்க வேண்டும். 2003-இல் அதற்கென ஒரு கால அவகாசமும் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. கொம்பு நிலையின் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. "இதை வெளியிலே சொல்லி வம்பை விலைக்கு வாங்கணுமா? சும்மா எடுத்துக் கடல்லே போட்டுடலாம்" என்றார். சித்தப்பா, "யாரு வந்து பார்க்கப் போறாங்க?" என்றார். ஆயாவுக்கோ அது தாத்தாவின் நினைவு. "கடலுக்குப் போன மனுஷன் கொண்டாந்தது அது ஒண்ணுதான் மிச்சம்" என்று அழுதுவிட்டார். நான் ஏன் இதைப் படித்தோம் என்று வருந்தினேன்.

அந்த வாரம் தமிழ் வகுப்பில் பத்துப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறவின் கொம்பை நட்டு வழிபட்டார்கள் என்றும், முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் ஓய்ந்திருந்தார்கள் என்றும் வருவதாக ஆசிரியை கூறினார். கொம்புள்ள சுறா என்றால் அது வேளாவாகத்தானே இருக்க வேண்டும்? அடுத்த முறை கோவளம் போனபோது இதை ஆயாவிடம் சொன்னேன். கொம்பைக் கும்பிட்டவர்களே கடலுக்கு ஒரு நாள் ஓய்வும் கொடுத்தார்கள் என்றேன். ஆயா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா இருந்தா திருட்டுப் பொருள் மாதிரி ஒளிச்சு வைக்க ஒத்துக்க மாட்டாரு. போய்க் குடுத்துடுங்க" என்றார்.

அப்பா நடந்ததை அப்படியே ஒரு காகிதத்தில் எழுதினார். அவரும் சித்தப்பாவும் கொம்பைத் துணியில் சுற்றி வனத்துறை அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றார்கள். அங்கே பல கேள்விகள் கேட்டார்கள். அரை நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. முடிவில் எழுதி வாங்கிக்கொண்டு, கொம்பைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கொடுத்தார்கள். ஒப்படைத்த பொருளுக்குப் பணம் கிடையாது. நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. அன்று இரவு அப்பா நிம்மதியாகத் தூங்கியதாக அம்மா சொன்னார்.

நிலையின் மேல் இப்போது இரண்டு ஆணிகள் மட்டும் இருக்கின்றன. அவற்றில் மாட்டுவதற்கு நான் ஒரு வேளாவின் படம் வரைந்து கொடுத்தேன். பல் எண்ணிக்கை சரியாக வரவேண்டும் என்று எண்ணி எண்ணி வரைந்தேன். "கொம்பு மட்டும் இருந்திச்சு, இப்ப மீனே வந்திடுச்சு" என்று ஆயா சொன்னது எனக்குப் பரிசு.

முடிவுரை

தோழியரே! தூண்டில் போடுவது பாவமும் அன்று, குற்றமும் அன்று. பொறுமையைக் கற்றுத் தரும் நல்ல பொழுதுபோக்கு அது. ஆனால் எந்த மீனை எடுக்கலாம், எதை விடவேண்டும் என்று அறிந்து போடவேண்டும். தூண்டில் பெட்டியில் முள்ளும் ஈயக்குண்டும் வைப்பது போல ஒரு கத்தரியும் வைக்கச் சொல்லுங்கள். மிகச் சிறிய குஞ்சு மாட்டினால் திருப்பி விடச் சொல்லுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் எறியாமல் சுருட்டி எடுத்துவரச் சொல்லுங்கள். கடலாமையின் கழுத்தையும் பறவையின் காலையும் அது சுற்றிக்கொள்ளும். கடற்கரைக் கடைகளில் யாரேனும் வேளாக் கொம்போ, உலர்ந்த கடல் குதிரையோ விற்றால் வாங்காதீர்கள். வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை.

என் சித்தப்பா இன்னும் ஞாயிறுதோறும் முட்டுக்காடு போகிறார். இப்போது அவர் பெட்டியில் ஒரு கத்தரி இருக்கிறது. வேளா மாட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "நரம்பை வெட்டிட்டு உனக்குத்தான் முதல்லே போன் பண்ணுவேன்" என்கிறார். அந்த அழைப்புக்காக நான் காத்திருக்கிறேன். நம் கழிமுகத்தில் வேளா இன்னும் இருக்கிறது என்ற செய்தியாக அல்லவா அது இருக்கும்!